கெலஞ்சார் அக்கா சொல்லாமல் விட்டது

ஈப்போவில் ஜாதகம் பார்க்கத் தெரிந்தவர்கள் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். சுரப்பி பார்க்கத் தெரிந்தவர் ஊருக்கே ஒருவர்தான். அவர்தான் கெலஞ்சார் அக்கா. சுரப்பிக்கு மலாயில் கெலஞ்சார் என்று பெயர். இடைநிலைப் பள்ளியில் அறிவியலை மலாயில் படித்துவிட்டு வந்த எங்களுக்கு உடம்புக்குள் இருப்பதெல்லாம் கெலஞ்சார்தான். சுரப்பி என்று சொன்னால் ஏதோ புதுவகைப் பலகாரம் என்று நினைத்துக்கொள்வோம். அக்காவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு என்றும், அது தேவாலயப் பதிவில் பத்திரமாக இருக்கிறது என்றும் கேள்வி. அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

தொழில் அழகு நிலையம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள பழைய கடைவீட்டில் கீழே அக்காவின் கடை, மேலே நான் குமாஸ்தாவாக இருந்த வக்கீல் அலுவலகம். மேலே வருபவர்களின் குடும்பப் பிரச்சினைக்குச் சட்டத்தில் வழி தேடினோம். கீழே அக்கா அதே பிரச்சினைக்குக் கழுத்திலும் இடுப்பிலும் வழி தேடினார். எங்கள் கட்டணத்தைவிட அவருடையது குறைவு, அதோடு புருவமும் திருத்திவிடுவார். அதனால் படியேறுவதற்கு முன்பே பாதிப் பேர் அங்கே நின்றுவிடுவார்கள்.

விதி, கர்மம், பாவம், பில்லி சூனியம் எதிலும் அக்காவுக்கு நம்பிக்கை கிடையாது. எல்லாம் கெலஞ்சார். கணவன் தட்டைத் தூக்கி எறிகிறானா? சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல். மருமகள் காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாளா? கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் தைராய்டு. பையன் கண்ணாடி முன்னால் ஒரு மணி நேரம் நிற்கிறானா? அது கீழ் கெலஞ்சார், அதை யாராலும் தடுக்க முடியாது. ஒருமுறை எங்கள் தெருவில் ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் ஒருவரின் கழுத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இவருக்குத் தைராய்டு ஓவர்லா. ஜெயிச்சா வாய மூட மாட்டாரு" என்றார். அவர் ஜெயித்தார், வாயையும் மூடவில்லை. அதற்குத் தைராய்டு எதற்கு என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இவ்வளவு ஞானம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அழகுக்கலைப் படிப்பில் உடற்கூறு என்று ஒரு பாடம் உண்டு. மற்ற பெண்கள் அதைத் தாண்டி ஓடுவார்கள். அக்கா அந்தப் பாடத்திலேயே குடியேறிவிட்டார். கல்லூரியை மூடியபோது வகுப்பறையில் கிடந்த சுரப்பிப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கடையில் மாட்டினார். ஆளுயரப் படம். அதில் ஓர் ஆண், ஒரு பெண். உடம்பில் துணியென்று எதுவும் கிடையாது, நிறநிறமாய்ச் சுரப்பிகள்தான். கல்யாணப் பெண்ணை அழைத்துவரும் பெரியம்மாக்கள் அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட, அக்கா அந்த ஆணின் இடுப்புக்கு நேராகத் தினசரி நாள்காட்டி ஒன்றை ஆணியடித்து மாட்டினார். ஜனவரியில் அது நல்ல கனமாக இருந்து மானத்தைக் காப்பாற்றும். டிசம்பர் நெருங்க நெருங்கத் தாள் மெலிந்துபோய், மின்விசிறிக் காற்றில் படபடவென்று தூக்க ஆரம்பிக்கும். எங்கள் அலுவலகப் பெண்களுக்கு வருடக் கடைசியில்தான் புருவம் அதிகமாக வளரும்.

அக்காவின் புகழுக்குக் காரணம் ஒரே ஒரு சம்பவம். எதிர்ச் சாரியில் மீன் உருண்டை நூடல்ஸ் விற்ற சீனப் பெண்மணி ஒருவர் புருவம் எடுக்க வந்தார். புருவத்தின் வால் பக்கம் முடியே இல்லை. "நீ சோர்வா இருக்க, குளிருது, எடை ஏறுது, சரியா?" என்று அக்கா அவரிடம் மலாயில் அடுக்கினார். அந்த அம்மாள் பயந்துபோய்ப் பரிசோதனை செய்துகொள்ள, தைராய்டு குறைவு என்றே வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் தெருவில் மூன்று இனத்தவரும் அக்கா முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மாள் ஆயுசுக்கும் இலவசமாக நூடல்ஸ் அனுப்பினார்.

அதற்குப் பிறகு அக்கா சொன்னது எதுவும் சரியாக வந்ததாக எனக்கு நினைவில்லை. என் முதலாளிக்குக் கோபம் அதிகம். கீழே வந்து ஒருநாள் அவர் கத்தியதும் அக்கா அசராமல், "சார், இது நீங்க கத்தல. உங்க தைராய்டு கத்துது" என்றார். முதலாளி ரகசியமாகப் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கீழே போய் வெற்றியோடு காட்டினார். அக்கா வாங்கிப் படித்துவிட்டு, "அப்ப இது உங்க குணம் சார். அதுக்குக் கெலஞ்சார் கெடையாது" என்றார். வக்கீலாக இருந்தும் முதலாளி அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு படியேறிவிட்டார்.

பரிசோதனை முடிவு தனக்கு எதிராக வந்தால் அக்கா சொல்லும் காரணங்கள் இரண்டு. ஒன்று, "அங்க மெஷின் பழசுலா." இன்னொன்று, "நீ அன்னிக்கு நாசி லெமாக் சாப்ட்டுட்டுப் போயிருப்ப." தான் தப்பு என்று மட்டும் அவர் சொன்னதே இல்லை. அந்த வார்த்தை அவர் வாயில் சுரக்கவே சுரக்காது என்று நாங்கள் கேலி பேசுவோம்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, கோகிலா அந்த நாற்காலியில் வந்து உட்காரும் வரைக்கும்.

கோகிலா செமோரில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண். கணவன் சரவணன், சிம்பாங் பூலாய் கல்லுடைப்பிலிருந்து லாரி ஓட்டுபவன். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் நம் ஆட்களுக்கு அது விஷயமல்ல, பொதுச்சொத்து. கல்யாண வீட்டுக்குப் போனால் சாம்பார் ஊற்றுகிறவர்கூட "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று கரண்டியை நிறுத்திக் கேட்பார். மாமியார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, மகனையும் மகளையும் தனி ஆளாக ஆளாக்கிய கெட்டிக்காரி. அவர் கோகிலாவை போமோ என்ற மலாய் மந்திர வைத்தியரிடம் அழைத்துப்போய் வயிற்றைப் பிசைய வைத்தார். சின்சே என்ற சீன வைத்தியரிடம் வேர்க்கஷாயம் வாங்கிக் கொடுத்தார். கல்லுமலைக் கோவிலில் வேண்டுதல் வைத்து, அந்தத் தீர்த்தத்தையும் குடிக்க வைத்தார். நம் நாட்டில் மூன்று இனமும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்தது அந்தப் பெண்ணின் வயிற்றில்தான். சரவணன் இதில் எதையும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அவன்தான் ஆண்பிள்ளையாயிற்றே. மாலையில் ஜிம்முக்குப் போய்ப் பலாப்பழம் மாதிரி புஜத்தை வளர்த்துக்கொண்டிருந்தான். "எங்க பரம்பரையில ஆம்பளைக்குக் குறை கெடையாது, அவன் கையப் பாரு" என்பார் மாமியார். பிள்ளை கையிலிருந்து பிறப்பதாக அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

கோகிலாவின் மோவாயில் சில முடிகள் இருந்தன. அக்கா நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"தங்கச்சி, இது சும்மா முடி இல்லலா. ஒன் சூலகத்துல ஆம்பள ஹார்மோன் ஏறிக்கிச்சு. அதான் புள்ள நிக்கல. கெலஞ்சார் கெட்டுப்போச்சு."

"நெசமாவாக்கா?" கோகிலா மோவாயைத் தடவிப் பார்த்தாள்.

"என்கிட்ட பொய் வராது. முடி பேசுது, நான் சொல்றேன்."

கடையில் அப்போது தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு நாலைந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சாயம் காய எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரத்தில் செய்தி கிளம்பிவிட்டது. செமோர் போய்ச் சேர்ந்தபோது கோகிலாவுக்குக் கெலஞ்சார் அழுகிப்போய்விட்டது.

அந்தப் பெண் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, மோவாய் முடி சில குடும்பங்களில் வருவதுதான், கணவரையும் ஒருமுறை அழைத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கோகிலா அக்காவிடம் வந்து தாளைக் காட்டினாள். அக்கா வழக்கம்போல, "அங்க மெஷின் பழசுலா" என்று ஆரம்பித்தார்.

"அக்கா, என் மாமியார் நீங்க சொன்னதத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. டாக்டர் சொன்னத நம்ப மாட்றாங்க. இவரும் டெஸ்ட்டுக்கு வர மாட்டேங்கிறாரு."

அக்கா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நான் அவரை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்கடுத்த வாரம் மாமியார் எங்கள் அலுவலகத்துக்குப் படியேறி வந்தார். மகனுக்கும் மருமகளுக்கும் கோர்ட்டில் விவாகரத்து எழுதி வாங்குவது எப்படி என்று விசாரித்தார். பாகான் டத்தோ பக்கம் ஒரு பெண் பார்த்து வைத்திருக்கிறாராம், நல்ல குடும்பமாம், மோவாய் வழுவழுப்பாக இருக்கிறதாம். காரணம் என்ன என்று முதலாளி கேட்டதற்கு, "கெலஞ்சார் சார். கீழ இருக்கிற அக்காவே சொல்லிட்டாங்க" என்றார். இப்படியொரு காரணம் சட்டத்தில் இல்லை என்று முதலாளி கத்தினார். மாமியார் அவர் கழுத்தைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு இறங்கிப்போனார்.

நான் கீழே போய் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று மதியம் வந்த மீன் உருண்டை நூடல்ஸ் அப்படியே ஆறிப்போயிருந்தது.

இந்த நேரத்தில்தான் சரவணன் சிக்கினான். உடலழகுப் போட்டி ஒன்றில் பெயர் கொடுத்திருந்தான். மேடையில் நிற்க உடம்பில் ஒரு முடிகூட இருக்கக்கூடாதாம். ஆண்பிள்ளைச் சிங்கம் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கச் சந்து வழியாக அக்காவின் கடைக்குள் நுழைந்தது. தன் மனைவி வரும் கடை என்று அவனுக்குத் தெரியாது. அவள் எங்கே போகிறாள், அம்மா எந்த அக்காவைச் சொல்கிறார் என்று கேட்டிருந்தால்தானே தெரியும்.

நான் அப்போது முன்னால் நாற்காலியில் இருந்தேன். ஒரு புருவம் முடிந்திருந்தது. அக்கா திரையை விலக்கி எட்டிப் பார்த்தார், கோகிலா காட்டிய கல்யாணப் படத்தில் பார்த்த முகம் என்று தெரிந்துகொண்டார். மறு புருவத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். திரைக்குப் பின்னால் நடந்தது முழுவதும் எனக்குக் கேட்டது.

"ஐயோ! மெதுவாக்கா!"

"மெதுவா எடுத்தா இன்னும் வலிக்கும் தம்பி. ஜிம்முக்குப் போற ஆளு, தாங்குலா. ஆமா, முதுகுல என்னா இவ்ளோ பரு?"

"லாரி சீட்டுச் சூடுக்கா."

பர்ர்ர். மெழுகுப் பட்டை உரியும் சத்தம்.

"லாரி ஓட்டுற எல்லாருக்கும் இப்படித்தானா?"

"...இல்லக்கா."

"நெஞ்சுல இங்க என்னா கட்டி மாதிரி? அமுக்குனா வலிக்குதா?"

"அது மசிலுக்கா!"

பர்ர்ர்.

"மசிலு இப்படி இருக்காது தம்பி. ஊசி போடுறியா?"

"வைட்டமினுக்கா, வைட்டமின்..."

பர்ர்ர்.

"ஐயோ அம்மா! சொல்லிர்றேன்! ஆம்பள ஹார்மோன் ஊசிக்கா! ஜிம்முல ஒரு ஆளு கொடுக்கிறான்! ரொம்ப நாளாப் போடுறேன்!"

நான் வேலை பார்த்தது வக்கீலிடம். அவ்வளவு சுருக்கமான குறுக்கு விசாரணையை நான் எந்த நீதிமன்றத்திலும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அக்காவின் குரல் தணிந்தது. "ஒங்கம்மா பால்மரம் வெட்டுனவங்கதானே?" என்று கேட்டார்.

"ஆமாக்கா. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அத விடு. தோட்டத்துல மண்டோர் இருப்பாரு, ஆளுங்கள வேல வாங்குறவரு, தெரியுமா? ஒன் மூளைக்குக் கீழ பட்டாணி அளவுல ஒரு கெலஞ்சார் இருக்கு. பிட்யூட்டரி. அதான் பெரிய மண்டோர். தெனம் கீழ ஆள் அனுப்பும், போய் வேலையப் பாருங்கடான்னு. கீழ இருக்கிற ரெண்டும் மரம் வெட்டுற ஆளுங்க. ஆம்பள ஹார்மோனும் அதுதான் செய்யுது, புள்ள உண்டாக்குற விதையும் அதுதான் செய்யுது. சரியா?"

"சரிக்கா."

"இப்ப நீ வெளியிலேர்ந்து பால வாங்கி வாளிய நெரப்பிட்டே. மண்டோர் வந்து வாளியப் பாக்குறாரு. நெறைஞ்சு கெடக்கு. என்னா சொல்லுவாரு?"

"...இன்னிக்கு வேல இல்ல, வீட்டுக்குப் போங்கன்னு சொல்லுவாரு."

"அதான். ஊசியில கை பெருக்குது. ஆளுங்க வேலைய விட்டுப் போய்ட்டாங்க. அதுக்கு ஒன் பொண்டாட்டி போமோகிட்ட போயி வயித்தப் பெசையுறா."

"திரும்ப வருவாங்களாக்கா?"

வழக்கமான அக்காவாக இருந்தால் இந்த இடத்தில் நாள் குறித்துக் கொடுத்திருப்பார். "தெரியாது தம்பி. நெறையப் பேருக்கு ஊசிய நிறுத்துனா மெதுவா வந்துரும்னு படிச்சிருக்கேன். டாக்டர்கிட்ட போ. நான் சொல்றத நம்பாத. நான் சொல்லிச் சொல்லியே ஒரு பொண்ணு வாழ்க்கைய நாசம் பண்ணி வச்சிருக்கேன்."

"யாரக்கா?"

"ஒன் பொண்டாட்டியத்தான்லா!"

பர்ர்ர். இந்தத் தடவை அது தேவைக்காக உரித்த பட்டை இல்லை என்று எனக்குப் பட்டது.

நான் ஒரு புருவத்தோடு மேலே போனேன். முதலாளி அன்று முழுவதும் என்னிடம் அடங்கிப் பேசினார். எதைச் சொன்னாலும் நான் சந்தேகமாகப் பார்ப்பது போல இருந்ததாம்.

சரவணன் உண்மையிலேயே டாக்டரிடம் போனான். சிறிய டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிய சோதனையில், அக்கா சொன்னதுதான் வந்தது. விதை அநேகமாக ஒன்றுமே இல்லை. ஊசியை உடனே நிறுத்தச் சொன்னார்கள். அந்தத் தாளோடு மறுபடியும் பின்சந்து வழியாக வந்தான். "அக்கா, யாருக்கும் சொல்லிராதீங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா ரொம்ப மாலுக்கா, வெக்கக்கேடு, தலைகாட்ட முடியாது" என்று கெஞ்சினான். அக்கா சரியென்றார். ஊசியை நிறுத்தியவனுக்கு வீட்டில் வாயைத் திறக்கத் துணிவில்லை. பாகான் டத்தோ பெண்ணின் படம் மாமியாரின் கைப்பையில் அப்படியே இருந்தது. நானும் அக்காவும் மட்டும் உண்மையை வைத்துக்கொண்டு திண்டாடினோம். கெலஞ்சார் அக்கா ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவது மீன் கரையேறி நடப்பதைப் போன்ற காரியம். அவருக்கு அந்த மாதம் இரண்டு கிலோ இளைத்துவிட்டது. அதற்கு எந்தச் சுரப்பியையும் அவர் குற்றம் சொல்லவில்லை.

சரவணனின் தங்கை ஷாலினிக்கு வளைகாப்பு வந்தது. ஒப்பனைக்கு அக்காவை எப்போதோ பேசி முடித்திருந்தார்கள். பெட்டி தூக்க ஆளில்லை என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். செமோரில் அவர்கள் குடியிருந்த தாமான் குடியிருப்பின் பொதுமண்டபம். வாடகை நாற்காலி, வாடகை ஒலிபெருக்கி, எல்லோரையும் "அன்புச் சொந்தங்களே" என்று கூப்பிடும் வாடகை அறிவிப்பாளர். ஒரு பக்கம் பிரியாணி. சரவணன் அதைப் பரிமாறும் மேசையில் நின்றான். சட்டை தோளில் கொஞ்சம் தொளதொளத்தது.

ஷாலினிக்கு ஒவ்வொருவராக வந்து கன்னத்தில் சந்தனம் தடவி வளையல் போட்டார்கள். கோகிலா தன் முறைக்குக் காத்திருந்து, கையில் இரண்டு கண்ணாடி வளையலோடு முன்னால் வந்தாள். மாமியார் குறுக்கே கையை நீட்டினார்.

"நீ வேணாம்மா. தப்பா எடுத்துக்காத. புள்ளத்தாச்சிக்கு ஆகாது."

"அத்தை, நான்..."

"நான் சொல்லலம்மா. இதோ இந்த அக்காவே சொல்லியிருக்காங்க, ஒனக்குக் கெலஞ்சார் கெட்டுப்போச்சின்னு. இனி ஒனக்கும் வேற வழி, எங்களுக்கும் வேற வழி."

கோகிலா வளையலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். போகவும் இல்லை, அழவும் இல்லை. மண்டபமே பிரியாணியை வாயில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தது. எனக்கு அந்த இடத்தில் யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

அக்கா பௌடர் பஞ்சை என் கையில் திணித்தார். நேராகப் போய் அறிவிப்பாளரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"ஹலோ... ஹலோ... டெஸ்டிங்."

அவர் மேடையில் பேசி நான் கேட்டதில்லை. மூச்சு இரைப்பது ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

"நான் மேக்கப் போட வந்தவ. இந்தப் பொண்ணுக்குக் கெலஞ்சார் கெட்டுப்போச்சின்னு சொன்னது நான்தான். மோவாயில நாலு முடியப் பாத்துட்டுச் சொன்னேன். நான் சொன்னது தப்பு. டாக்டர் ரத்தம் எடுத்தாச்சு, ஸ்கேன் பாத்தாச்சு, அவளுக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மெஷின் பழசு இல்ல. நான்தான் சாலா, தப்பு என் மேல. நான் டாக்டர் இல்லம்மா. ஒரே ஒரு பாடம் படிச்சேன். அதுலயும் பாஸ் மார்க்தான்."

பின் வரிசையிலிருந்து ஒரு குண்டு அம்மாள் பதறி எழுந்தார். "அப்ப எனக்குத் தைராய்டுன்னு சொன்னீங்களே?"

"அதையும் போயி டெஸ்ட் எடுங்க ஆன்ட்டி."

சிலர் சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அக்காவுக்கு நேராக வந்து நின்றார்.

"அவளுக்கு இல்லன்னா அப்ப யாருக்குக் குறை? ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அதையும் மைக்குலயே சொல்லு."

நான் அக்காவைப் பார்த்தேன். பதில் அவர் நாக்கு நுனியில் இருந்தது. அந்த நூடல்ஸ் அம்மாளுக்குப் பிறகு அவர் சரியாகச் சொன்ன ஒரே கெலஞ்சார் அது. அதைச் சொல்லியிருந்தால் அவர் பெயர் அந்த நிமிடமே மீண்டிருக்கும், ஈப்போ மட்டுமல்ல, பேராக் மாநிலம் முழுவதும் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்திருக்கும். அக்கா பிரியாணி மேசைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா. நான் புருவம் எடுக்கிறவ."

மைக்கை அறிவிப்பாளரிடம் கொடுத்துவிட்டார்.

சரவணன் கரண்டியை அண்டாவுக்குள் போட்ட சத்தம் கேட்டது. நடந்து வந்தான். அவனுக்கு மைக் தேவைப்படவில்லை.

"அம்மா. என்கிட்டதாம்மா."

"என்னாடா சொல்ற?"

"ஊசி போட்டேம்மா, உடம்பு ஏத்துறதுக்கு. அதுல எல்லாம் போச்சு. டாக்டர் சொல்லிட்டாரு. நான்தான் சொல்லாம இருந்தேன். கோகிலாவ ஒண்ணும் சொல்லாதீங்க."

மாமியார் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மகனின் கையைப் பிடித்துப் பார்த்தார், அந்தப் புஜத்தையே பார்த்தார். அறிவிப்பாளர் "அன்புச் சொந்தங்களே" என்று தொடங்கி, மேலே என்ன சொல்வதென்று தெரியாமல் நிறுத்திவிட்டார். ஷாலினி கன்னம் இரண்டிலும் சந்தனத்தோடு கையை நீட்டினாள்.

"அண்ணி, சீக்கிரம் வளையல போடுங்க. எனக்குப் பசிக்குது."

கோகிலா போட்டாள். ஷாலினியின் கை வீங்கியிருந்ததில் ஒரு வளையல் போக நேரமாயிற்று.

பிறகு என்ன ஆயிற்று? சரவணன் லாரி ஓட்டுகிறான், சட்டை எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. மாமியார் இப்போது மகனுக்குக் கஷாயம் காய்ச்சுகிறார். சின்சேயின் வேரில் ஆண்பிள்ளைகளுக்கும் உண்டாம், கசப்பு இன்னும் அதிகமாம். கோகிலா பக்கத்திலேயே நின்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்க வைக்கிறாளாம். குழந்தை பிறந்ததா என்று நீங்கள் கேட்க வாயெடுப்பது எனக்குத் தெரிகிறது. கல்யாண வீட்டில் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டவரும் இதைத்தான் கேட்டார். நான் சொல்வதாக இல்லை.

அக்காவின் கடையில்தான் கூட்டம் குறைந்துபோனது. "தானே தப்புன்னு சொல்லிட்டாங்களாமே" என்று சொல்லிக்கொண்டு, கழுத்தை நீட்டி வந்தவர்களெல்லாம் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். சொந்தத் தப்பை ஒப்புக்கொண்ட ஒருவரை இனி எப்படி நம்புவது என்பது நம் மக்களின் நியாயமான கவலை. தப்பை ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதவர்களிடம் அவர்கள் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்கள். நூடல்ஸ் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

கோலாலம்பூருக்கு நான் மாற்றலாகிப் போவதற்கு முன்னால் ஒருநாள் கேட்டேன்.

"அக்கா, அன்னிக்கு ஏன் சொல்லல? ஒங்க பேராவது மிஞ்சியிருக்குமே."

நூலைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது அவன் கெலஞ்சாருலா. அவன்தான் சொல்லணும். நான் சொல்லியிருந்தா, கோகிலாவுக்குப் பண்ணுனதையே அவனுக்கும் பண்ணுன மாதிரி ஆயிருக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா நாக்கு அரிச்சிச்சு பாரு, இப்பவும் அரிக்குது" என்றார்.

கோலாலம்பூரில் நான் இருக்கும் வீட்டுக்குக் கீழேயே மூன்று அழகு நிலையங்கள் இருக்கின்றன. நல்ல கடைகள், கையும் சுத்தம், வாயையும் திறக்க மாட்டார்கள். நான் அங்கெல்லாம் போவதில்லை. விடுமுறை கிடைத்தால் ரயிலேறி ஈப்போ போய், புருவம் வளர்ந்திருக்கிறதோ இல்லையோ, அக்காவின் நாற்காலியில் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.